மாறி வந்த மழைக் கிளாஸ்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது.

2. மூன்றாம் நாள் காலை, கருங்குழிக்கு மேற்கே இருக்கும் ஓர் ஏரியின் கரை உடைந்தது. ஐந்து ஆண்டுகளில் இது இரண்டாவது உடைப்பு.

3. கரைக்குக் கீழே இருந்த குடியிருப்பில் உயிர்ச்சேதம் இல்லை. வயல்களில் முழங்கால் அளவுக்கு மணல் ஏறியது.

4. குடியிருப்புக்காரர்கள் பழைய மனுவையே மறுபடி கொடுத்தார்கள்: ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்து போகும் கலங்கலை நீளப்படுத்தித் தர வேண்டும்.

5. எங்கள் அலுவலக மழைப் பதிவேட்டைப் பார்த்தோம். அதில் இருந்தபடி, அந்த மூன்று நாள் மழை கரையை உடைக்கும் மழை அல்ல.

6. ஆகவே, "கூடுதலாக நீர் தேக்குவதற்காக விவசாயிகள் கலங்கலின் மேல் மணல் மூட்டை அடுக்கியதே உடைப்புக்குக் காரணம், நீளப்படுத்தத் தேவை எழவில்லை" என்று அறிக்கை போனது.

7. அந்த அறிக்கையை எழுதியவள் நான்.

அப்போது தொண்ணூறுகளின் இறுதி. பொறியியல் முடித்துப் பாசனப் பிரிவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். அறிக்கை எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். எதையும் எண் போட்டு, பிரித்து, ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடுவேன். மேலதிகாரிக்குப் படிக்கச் சுலபம்.

பொங்கல் முடிந்து முதல் வாரத்தில் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு ஏக்கர் நெல், மீதி நேரம் வேன் ஓட்டுவது என்று பிழைப்பு. மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. எங்கள் பதில் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"இத எய்துனது யாரு மேடம்?"

"நான்தான்."

"ஏரியப் பாத்துட்டு எய்துனீங்களா, பாக்காம எய்துனீங்களா?"

நான் பார்த்திருந்தேன், உடைந்து நான்கு நாள் கழித்து. உடைப்பின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தேன். கலங்கல் பக்கம் போகவில்லை. சேறு அதிகமாக இருந்தது.

"மூட்டை வெச்சோம். நான் இல்லன்னு சொல்லல. எல்லா ஏரிலயும் வெக்கிறாங்க, நாங்களும் வெச்சோம். ஆனா மொத நாள் மழ புடிச்சதுமே நாங்களே புடுங்கிட்டோம். மூட்டை இன்னிக்கும் கரை மேல கீது. வந்து பாருங்க. நம்ம வேன்தான், டிக்கெட்டு இல்ல."

போனேன். மூட்டைகள் கரை மேல் வரிசையாகக் கிடந்தன. அவற்றின் மேல் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. உடைப்பின்போது அவை கலங்கல் மேல் இருந்திருந்தால் முதல் வேலையாக வெள்ளம் அவற்றை அடித்துக்கொண்டு போயிருக்கும். கலங்கலின் பக்கச் சுவரில் சேற்றுக் கோடு ஒன்று காய்ந்து படிந்திருந்தது. தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வழிந்தது என்பதற்கான கோடு. அதை நாடாவால் அளந்தேன். அந்த உயரத்தையும் கலங்கலின் நீளத்தையும் வைத்து எவ்வளவு தண்ணீர் போனது என்று கணக்கிடலாம். இரண்டாம் ஆண்டுப் பாடம் அது.

அன்று மாலை விடுதியில் மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை. எங்கள் பதிவேட்டில் இருந்த மழையில் அவ்வளவு தண்ணீர் வர வழியே இல்லை. சேற்றுக் கோடு பொய் சொல்லாது. அப்படியானால் மழை அளவு தவறு.

அந்தப் பகுதிக்கு மழைமானி ஒன்றுதான். கருங்குழிக்கு அருகே, எங்கள் துறையின் ஆய்வு மாளிகை வளாகத்தில் சிமென்ட் மேடை மேல், முள்கம்பி வேலிக்குள் இருந்தது. வசதியான நாடுகளில் ஒரு மானி கெட்டால் பக்கத்து மானி காட்டிக்கொடுத்துவிடும் என்று படித்திருக்கிறேன். இங்கே அந்த ஒரு மானியை நம்பித்தான் சுற்றிலும் உள்ள ஏரிகள், கால்வாய்ப் பாலங்கள், வறட்சி நிவாரணம் எல்லாம் நின்றன.

எங்கள் உதவிச் செயற்பொறியாளரிடம் சொன்னேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர், கோபப்படாதவர். "அந்தம்மா வீட்ல உக்காந்தே எழுதியிருக்கும். டெம்பரரி ஸ்டாஃப். என்னத்த எதிர்பார்க்கறே?" என்றார்.

அந்தம்மா என்று அவர் சொன்னது மழை அளப்பவரை. கணவர் அதே மாளிகையில் காவலராக இருந்து இறந்தபின் அவருக்குத் தற்காலிக வேலை கொடுத்திருந்தார்கள்: மாளிகையைப் பெருக்குவது, தினமும் காலை எட்டரைக்கு மழை அளப்பது. நிரந்தரம் ஆக்குவதற்கான விண்ணப்பம் பல வருடங்களாக நிலுவையில் இருந்தது.

நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் போய் இறங்கினேன். மழைக்காலம் முடிந்து வானம் சுத்தமாக இருந்தது. இந்த நாளில், அதுவும் ஞாயிறன்று, யார் வந்து அளக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மதில் ஓரமாக நின்றேன்.

எட்டு இருபத்தைந்துக்கு அவர் வந்தார். வேலியைத் திறந்தார். புனலைக் கழற்றித் துணியால் துடைத்தார், உள்ளிருந்த பாட்டிலைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தார், பதிவேட்டைத் திறந்து பூஜ்யம் போட்டார். போட்டுவிட்டு மதில் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"இன்னா மேடம், வேவு பாத்துகினு நிக்கிறீங்களா? உள்ள வந்து பாருங்க. நாஸ்தா துன்னீங்களா?"

எனக்கு முகம் சுட்டது. "இல்லக்கா" என்றேன். எந்தக் கேள்விக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இட்லி வந்தது. சாப்பிட்டபடியே, பலத்த மழையில் எப்படி அளப்பார் என்று கேட்டேன். அந்த வேலைக்கென்று கோடு போட்ட கண்ணாடி அளவை ஒன்று உண்டு. எல்லோரும் அதைக் கிளாஸ் என்றுதான் சொல்வோம். அவர் அதை எடுத்துவந்தார். சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெள்ளிச் சொம்பு மாதிரி மின்னியது. பாட்டிலில் இருக்கும் தண்ணீரை அதில் ஊற்றுவார். பத்து மில்லிமீட்டர் நிரம்பினால் கொட்டிவிட்டு ஒரு புளியங்கொட்டையைத் தனியாக வைப்பார். கடைசியில் கொட்டைகளை எண்ணி, மிச்சத்தைக் கோட்டில் பார்த்துக் கூட்டுவார்.

"அந்த மூணு நாளும் கொட்டை பத்தலையோன்னு நெனச்சேன். எண்ணிப் பாத்தா கொஞ்சமாத்தான் கீது. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. இந்தக் கிளாசு வந்ததுலேர்ந்தே இப்படித்தான்."

"வந்ததுலேர்ந்துன்னா?"

"இதுக்கு முன்னாடி இருந்தது ஒல்லியா இருக்கும்மா. சரிபாக்கணும்னு ஆபீசுக்கு எடுத்துகினு போனாங்க. திரும்பி வந்தது குண்டு. இது என்னுது இல்ல சார்னு அப்போ இருந்த ஆபீசர்கிட்ட சொன்னேன். கிளாஸ்னா கிளாஸ்தாம்மா, கோடு இருக்குல்லன்னாரு."

"யார்கிட்டயும் எழுதிக் கொடுக்கலையா?"

"எய்தாம? பாரு."

பழைய பதிவேடு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்தார். ஏழு வருடத்துக்கு முந்தையது. கடைசிப் பத்தியில், குறிப்புகள் என்ற தலைப்புக்குக் கீழே, கோணலான எழுத்தில்: "கிளாஸ் மாறி வந்துது. பழசு ஒல்லி."

அந்தப் பதிவேடு மாதாமாதம் எங்கள் அலுவலகத்துக்கு வரும். எண்களைத் தட்டச்சு செய்து மேலே அனுப்புவோம். எங்கள் படிவத்தில் குறிப்புகளுக்குப் பத்தி கிடையாது. ஏழு வருடம் பலர் தட்டச்சு செய்திருக்கிறோம். கடைசி இரண்டு வருடம் நான்.

மழைமானியின் புனல் இரண்டு அளவில் உண்டு. வாய் சிறியது ஒன்று; அதைப் போல இரண்டு மடங்கு பரப்பு உள்ளது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளாஸ். பெரிய புனலின் கிளாஸில் சிறிய புனலின் தண்ணீரை ஊற்றினால் உண்மையான மழையில் பாதிதான் காட்டும். எந்தப் புனலுக்கு உரியது என்று கிளாஸின் அடியில் பெயிண்டில் எழுதியிருக்கும். அக்காவின் சாம்பலில் அது எப்போதோ போய்விட்டது.

புனலின் வாயை அளந்தேன். சிறியது. இனி கிளாஸை அளக்க வேண்டும். அளவு தெரிந்த தண்ணீர் வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தேன். அக்கா அப்போதுதான் வாங்கி வைத்திருந்த அரை லிட்டர் பால் பாக்கெட் கண்ணில் பட்டது.

"அய்ய, பாலை மழைக் கிளாசுல ஊத்தறியே, இன்னா அபிஷேகமா?"

"பாலு வீணாகாதுக்கா, காபிக்கு ஆகும்."

அரை லிட்டர் அந்தச் சிறிய புனலில் விழுந்தால் ஐம்பது மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கிளாஸ் இரண்டு முறை நிரம்பி, மூன்றாம் முறை பாதியில் நின்றது. இருபத்தைந்து. இரண்டு புளியங்கொட்டையும் ஒரு மிச்சமும்.

அக்கா இரண்டு கொட்டைகளையும் எடுத்து மறுபடி எண்ணினார். பிறகு, "அப்போ ஏழு வருஷமா நான் பாதி மழைய எய்திகினு இருந்தேனா?" என்றார். நான் தலையாட்டினேன். "ஊரே மழ கொறஞ்சு போச்சு, மரம் வெட்டினதாலன்னு சொல்லிகினு கெடந்துச்சு" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் கேட்ட கேள்வி வேறு: "எனக்கு வேலை போய்டுமாம்மா?"

அவருடைய ஒல்லிக் கிளாஸ் எங்கே என்று தேடினேன். கிடங்குப் பதிவில் அந்த மாதம் சரிபார்க்க வந்தவை இரண்டே: அக்காவுடையதும், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த எங்கள் நிலையம் ஒன்றின் கிளாஸும். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து மாறி அங்கே போனேன். பெரிய புனல், ஒல்லிக் கிளாஸ். அங்கே ஏழு வருடமாக மழை இரட்டிப்பாகப் பதிவாகியிருந்தது. கிணறுகள் உப்பாகி, சவுக்கு நாற்று காய்ந்த வருடங்களில்கூட அந்த ஊர்க் கணக்கில் மழை தாராளம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வடகிழக்குப் பருவத்தில் கடலோரத்தில் மழை அதிகம், உள்ளே போகப் போகக் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். தப்பான எண்களும் அதையேதான் சொல்லின.

மறுநாள் உதவிச் செயற்பொறியாளரின் மேசை மேல் இரண்டு கிளாஸையும் வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, நல்ல வேலை பண்ணியிருக்கே. ரெண்டையும் மாத்தி வெச்சுடு. இனிமே சரியா இருக்கும்."

"பழைய கணக்கு சார்?"

"ரெண்டு ஸ்டேஷன், ஏழு வருஷம். எல்லாம் தப்புன்னு எழுதிக் கொடுக்கப் போறியா? அதை வெச்சு எத்தனை பேர் எத்தனை டிசைன் போட்டிருப்பான். யாரு பதில் சொல்றது?"

"அந்தக் கலங்கல் சார். அறிக்கைய திருத்தலேன்னா அவங்க மனு மூடினது மூடினதுதான்."

"அறிக்கை எழுதினது யாரு? உன் பேருதாம்மா முதல்ல வரும்."

"ஆமா சார். அதனாலதான் நானே எழுதறேன்."

அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எழுதிக் கொடு. நான் தடுக்க மாட்டேன். சிபாரிசும் பண்ண மாட்டேன்" என்றார். அன்று எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவருக்கும் மேலே இருந்த செயற்பொறியாளருக்கு நான் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். பிழை அலுவலகத்தில் நடந்தது என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். அளப்பவர் அன்றே எழுத்தில் தெரிவித்திருக்கிறார் என்பதை இரண்டாவது பத்தியில் வைத்து, அந்தப் பக்கத்தின் நகலை இணைத்தேன். மூட்டைகள் பற்றி என் அறிக்கை சொன்னது தவறு என்பது மூன்றாவது. கலங்கலை மறுபடி கணக்கிட வேண்டும் என்பது நான்காவது.

வைகாசியில் செயற்பொறியாளர் ஆய்வு மாளிகைக்கு வந்தார். அக்கா வெளுத்த புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தார். நான் பால் பாக்கெட்டைக் கையில் எடுக்கும் முன்பே அவர் எடுத்துவிட்டார்.

"நான் ஊத்தறேன் சார். ஏழு வருஷமா நான்தானே ஊத்தினேன்."

குண்டுக் கிளாஸில் ஊற்றினார், இருபத்தைந்து. ஒல்லியில் ஊற்றினார், ஐம்பது. "பாத்துக்கோங்க சார். பாலு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு அதையே காபி போடக் கொண்டுபோனார். செயற்பொறியாளர் முகத்தில் சிரிப்பு வந்து போனது. ஆனால் முடிவு நான் கேட்டது அல்ல. ஒரு பருவம் முழுக்க ஒரே அளவுப் புனல் உள்ள இரண்டு மானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைக் குண்டுக் கிளாஸாலும் மற்றதை ஒல்லியாலும் அளக்க வேண்டும், வித்தியாசம் கடைசி வரை நின்றால் கலங்கலை மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்றார்.

இதைச் சொல்லக் குடியிருப்புக்குப் போனேன். வேன்காரர் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"அப்போ இன்னோர் ஐப்பசி நாங்க கரை மேல படுத்துகினு முழிச்சிகினு இருக்கணும். உங்க கிளாசு ஒயுங்கா கீதான்னு பாக்கறதுக்கு."

"ஆமாண்ணா" என்றேன். "தினம் காலைல நீங்களும் வந்து அளவு பாத்துக் கையெழுத்து போடுங்க. அப்புறம் யாரும் வீட்ல உக்காந்து எழுதினதுன்னு சொல்ல முடியாது."

"கையெய்த்துக்குச் சம்பளம் உண்டா?"

"காபி உண்டு. அக்கா போடுவாங்க."

அவர் வந்தார். அவரும் அக்காவும் தினமும் சண்டை போட்டார்கள். "அண்ணாத்த, தலைய நீட்டாத, உன் தலைலேர்ந்து சொட்டற தண்ணி புனல்ல வியுது" என்பார் அக்கா. "வியட்டும், கலங்கல் இன்னும் ரெண்டடி நீளமாக் கெடைக்கும்" என்பார் அவர். அந்தப் பருவத்தில் ஒரு நாள்கூடக் கையெழுத்து விடுபடவில்லை. சனிக்கிழமைதோறும் நானும் போய்ப் பதிவேட்டில் குறிப்புப் பத்தியை முதலில் படித்தேன்.

இன்னொரு ஏற்பாடும் செய்தோம். அதுவரை மழை அளவு மேலே மட்டும் போகும். ஏரிக்குக் கீழே இருப்பவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு நாள் அளவு இவ்வளவுக்கு மேல் போனால் மாளிகைத் தொலைபேசியிலிருந்து குடியிருப்பின் எஸ்.டி.டி. பூத்துக்கு அக்கா பேச வேண்டும் என்று ஓர் எல்லை அளவைக் குறித்துக் கொடுத்தேன். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. கார்த்திகையில் ஒரு காலை மழை அந்த அளவைத் தாண்டியது. அக்கா பேசினார். வேன்காரர் என்னிடம் ஓடிவந்து கேட்கவில்லை. ஊரே சேர்ந்து மதகுகளைத் திறந்துவிட்டது. வழக்கமாக யாரும் செய்ய மாட்டார்கள். திறந்துவிட்டு மழை நின்றுபோனால், மழைக்காலம் முடிந்து நடும் நவரைப் பயிருக்குத் தண்ணீர் இருக்காது.

"அந்தம்மா சொன்ன நம்பரு நானே கையெய்த்து போட்ட நம்பரு" என்றார் பிறகு. "அதான் தெறந்தேன்."

மழை மறுநாளும் பெய்தது. கலங்கலில் தண்ணீர் பக்கச் சுவரின் விளிம்பு வரை போயிற்று. கரை நின்றது.

எண்கள் பருவம் முழுக்க இரண்டு மடங்கு வித்தியாசத்தைக் காட்டின. தை மாதம் என் கணக்கு மேலே போனது. இரண்டு முறை திரும்பி வந்தது, இரண்டு முறையும் எழுதி அனுப்பினேன். மூன்றாவது முறை கையெழுத்தாகி வந்தது, கேட்ட நீளத்தில் பாதிக்கு.

இன்றைய நிலை இது. கேட்டதில் பாதி அளவுக்குக் கலங்கலின் நீளம் கூட்டப்பட்டுவிட்டது. இரண்டு பருவமழையைத் தாண்டியிருக்கிறது. மீதிப் பாதிக்கான மதிப்பீடு என் மேசையில் இருக்கிறது, இந்த மாதம் அனுப்புகிறேன். என் பழைய அறிக்கையைத் திரும்பப் பெற விதி இல்லை என்றார்கள். திருத்தக் குறிப்பை அதன் மேல் தைத்துவிட்டேன். ஏழு வருடத் தப்புக் கணக்கு மற்ற அலுவலகங்களின் அச்சுப் புத்தகங்களில் அப்படியே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதினேன். இரண்டு இடத்திலிருந்து பதில் வந்தது. கடலோர நிலையத்தின் கணக்கைத் திருத்தும் கோப்பு இன்னும் நகரவில்லை. வேன்காரரின் இரண்டு ஏக்கரில் ஒன்றில் மணல் எடுத்தாகிவிட்டது. அக்கா இன்னும் தற்காலிகம்தான். எங்கள் படிவத்தில் இப்போது குறிப்புகளுக்கு ஒரு பத்தி இருக்கிறது.